அம்மையநாயக்கனூர் நிலையமும் நம் முன்னோரும்

(கழகத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

விழாக் குழுவினர் என் இல்லம் வந்து, நம் வட்டார வரலாற்றைப் பற்றி ஏதேனும் பேச வேண்டும் என்று பணித்தனர். மதுரையின் வரலாறு என்றால் பாண்டியரும் நாயக்கரும் நினைவுக்கு வருவது இயல்பு. மீனாட்சியம்மன் கோயிலைப் பற்றியும் திருமலை நாயக்கர் மகாலைப் பற்றியும் விரித்துரைக்க அறிஞர் பலர் உளர். நான் அரண்மனை வாசலையே அறியாத குடும்பத்தில் பிறந்தவன். என் தந்தையார் தண்டவாளத்தில் நடந்தவர். அவர் தந்தையார் மலைப்பாதையில் நடந்தவர். ஆகவே ஒரு சிறிய ரயில் நிலையத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன் என்றேன். அவர்களும் இசைந்தனர்.

மதுரைச் சந்திப்பிலிருந்து திண்டுக்கல் செல்லும் வண்டியில் அமர்ந்தால் கூடல்நகர், சமயநல்லூர், சோழவந்தான், வாடிப்பட்டி என்று ஊர்கள் வரும். வலப்புறம் சிறுமலை நெருங்கிவரும். இடப்புறம் தொலைவில் கொடைக்கானல் மலைத்தொடர் நீலமாய்த் தெரியும். இவ்விரண்டுக்கும் நடுவே, மதுரையிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டரில், ஒரு நிலையம். பலகையில் 'கொடைக்கானல் ரோடு' என்று எழுதியிருக்கும். மக்கள் 'கொடைரோடு' என்பார்கள். பழைய பெயர் அம்மையநாயக்கனூர். மலைக்குச் செல்வோர் அங்கே இறங்கிப் பேருந்துக்கு விரைவார்கள். மற்றவர்கள் சன்னல் வழியே திராட்சை வாங்குவார்கள். அந்த நிலையத்துக்கு வரலாறு ஒன்று இருப்பதாகவே எவரும் எண்ணுவதில்லை.

தென்னிந்திய ரயில்வே என்ற கும்பினி 1874ஆம் ஆண்டில் உருவாயிற்று. அதற்கு அடுத்த ஆண்டே, 1875இல், திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரை வரை மீட்டர் பாதை திறக்கப்பட்டது. 1876இல் அப்பாதை தூத்துக்குடித் துறைமுகத்தை எட்டியது. தென்னாட்டைக் கொடும் பஞ்சம் வாட்டத் தொடங்கியதும் அந்த 1876ஆம் ஆண்டிலேதான் என்பதை நினைவிற்கொள்ளுங்கள். 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் மாண்டவர்கள் பல இலட்சம். நிலமற்றவர்களே முதலில் மாண்டார்கள். உயிர் பிழைத்தவர்களில் ஏராளமானோர் இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பலேறினார்கள். புதிய இருப்புப்பாதையும் புதிய பஞ்சமும் ஒரே காலத்தில் நம் மக்களின் வாசலுக்கு வந்தன.

அப்பாதையின் ஒரு நிறுத்தம்தான் அம்மையநாயக்கனூர். மேற்கே பெரியகுளம், தேனி, போடிநாயக்கனூர், கம்பம் ஆகிய ஊர்களுக்கு அன்று ரயில் கிடையாது. 1928ஆம் ஆண்டில் மதுரையிலிருந்து போடிக்குத் தனிப்பாதை வரும்வரை, அந்த மேற்குச் சீமைக்கு ரயில் வாயிலாக இருந்தது இந்தச் சிறு நிலையமே. ஏறத்தாழ 50 ஆண்டுகள் மூட்டையும் பெட்டியும் மனிதரும் இங்கே இறங்கி மாட்டுவண்டிக்கு மாறினார்கள்.

முல்லைப் பெரியாற்று அணையை எடுத்துக்கொள்வோம். 1887இல் தொடங்கி 1895இல் திறக்கப்பட்ட அணை அது. கர்னல் பென்னிகுயிக்கின் பெயரை நம் மதுரை மாவட்டத்து உழவர்கள் இன்றும் நன்றியோடு சொல்கிறார்கள், சொல்ல வேண்டியதுதான். அந்த அணைக்கு வேண்டிய இயந்திரங்களும் கருவிகளும் ரயிலில் வந்து இறங்கிய இடம் அம்மையநாயக்கனூர். அங்கிருந்து கம்பம் பள்ளத்தாக்கின் நீளத்துக்கும் வண்டிகளில் இழுத்து, கூடலூருக்கு அப்பால் மலையேற்றினார்கள். காட்டுக் காய்ச்சலிலும் வெள்ளத்திலும் தொழிலாளர் பலர் அங்கே மடிந்தனர். அணைநீர் வைகையில் கலந்து வந்து, நிலக்கோட்டை வட்டத்துப் பேரணையில் கால்வாயாகத் திரும்பி, மதுரை, மேலூர் வட்டங்களின் வயல்களை இருபோகமாக்கியது. வியப்பு என்னவென்றால், இந்தப் பேரணை அமைந்திருப்பதும் அம்மையநாயக்கனூரை அடுத்த வட்டாரத்திலேயே. கருவி வந்து இறங்கிய ஊருக்கு அருகிலேயே நீரும் வந்து திரும்பியது. அந்த வயல்களில் நாற்று நட்டவர்கள் யார், அவற்றுக்குப் பட்டா வைத்திருந்தவர்கள் யார் என்பதை இந்த அவையில் நான் விளக்க வேண்டியதில்லை.

இனிக் கொடைக்கானல் கதைக்கு வருகிறேன். என் மனம் நிலைத்து நிற்பது இந்தப் பகுதியில்தான். சற்று நீண்டால் பொறுத்தருள வேண்டும்.

மதுரையிலிருந்த அமெரிக்கப் பாதிரிமார் 1845ஆம் ஆண்டில் கொடைக்கானலில் முதன்முதலாக இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். சமவெளியின் வெம்மையும் காலராவும் அவர்கள் குழந்தைகளைக் கொண்டுபோயின. உயிர் காக்க மலைக்கு ஓடினார்கள். அதிலே குறைகாண ஒன்றுமில்லை. பின்னர் வெள்ளை அதிகாரிகளும் சென்றனர், மலையூர் வளர்ந்தது. ரயில் வந்தபின் வழி இப்படி அமைந்தது. அம்மையநாயக்கனூரில் இறங்குவார்கள். மாலையில் மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி, மெத்தை விரித்துப் படுத்துக்கொள்வார்கள். இரவு முழுதும் வண்டி செல்லும். மலையடிவாரத்தில் கிருஷ்ணம நாயக்கன் தோப்பு என்று ஓர் இடம் உண்டு. விடியலில் அங்கே இறங்கிக் காலைக்கடன் முடிப்பார்கள். அதன்பின் குதிரை வைத்திருப்பவர் குதிரையில் ஏறுவார். ஏனையோர், பெண்டிரும் குழந்தைகளும் முதியோரும், நாற்காலியின் இருபுறமும் நீண்ட மூங்கில் கழிகளைக் கட்டிய டோலியில் அமர்வார்கள். அந்த டோலியை மனிதர்கள் தோளில் வைத்துக்கொண்டு ஏழாயிரம் அடி உயரத்துக்கு ஏறினார்கள். மூட்டை முடிச்சும், சமையற் பாத்திரமும், மேசை நாற்காலியும், சில வீடுகளுக்குப் பியானோவும்கூட மனிதத் தோளிலும் தலையிலும்தான் ஏறின.

அந்தப் பயணத்தைப் பற்றி வெள்ளையர்கள் எழுதிவைத்த குறிப்புகள் பல உண்டு. குளிர்ந்த காற்றைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அருவியைப் பற்றியும் பூக்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். சுமந்தவர்களைக் குறிக்க ஒரே ஒரு சொல்லை வைத்திருந்தார்கள்: 'கூலி'. தமிழில் கூலி என்பது உழைப்புக்குக் கொடுக்கும் ஊதியம். அவர்கள் ஏட்டிலோ ஊதியத்தின் பெயரே ஆளின் பெயராகிவிட்டது. மனிதனுக்கென்று வேறு பெயர் வேண்டியிருக்கவில்லை.

என் பாட்டனார் பெரியகுளத்துப் பக்கத்தவர். இளமையில் அந்த டோலியைச் சுமந்தவர். நான் சிறுவனாக இருந்தபோது அவர் வலது தோளைத் தொட்டுப் பார்ப்பேன். அங்கே தோல் தடித்து, ஆட்டின் முழங்கால்போல் காய்த்திருக்கும். 'இது என்ன தாத்தா?' என்று கேட்டால், 'அது துரைசாணி உட்கார்ந்த இடம்' என்பார். சொல்லிவிட்டுச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். அந்தச் சிரிப்பின் பொருள் விளங்க எனக்கு 20 ஆண்டுகள் ஆயின. இறக்கத்தில்தான் உயிர் போகும் என்பார் அவர். ஏற்றத்தில் மூச்சு வாங்கும், இறக்கத்தில் முழங்கால் ஒடியும், ஆயினும் டோலி சாயக்கூடாது.

பின்னர் மலைச்சாலை போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. மோட்டார் வண்டி ஏறியது, டோலி நின்றது. மனிதனை மனிதன் சுமக்கும் இழிவு ஒழிந்தது என்று நாம் மகிழ்கிறோம். ஆனால் அன்று அத்தொழிலை நம்பியிருந்தவர் வீட்டில் உலை ஏறவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பாட்டனார் குடும்பத்தோடு சமவெளிக்கு இறங்கினார். அம்மையநாயக்கனூர் நிலையத்தில் மூட்டை ஏற்றி இறக்கும் வேலை கிடைத்தது. எங்கள் குடும்பம் ரயிலடிக்கு வந்த வழி இதுதான்.

இவ்விடத்தில் ஒன்றை எண்ணிப் பாருங்கள். 1875இல் இப்பாதையில் ஓடிய வண்டியின் மூன்றாம் வகுப்பில், காசு கொடுத்துச் சீட்டு வாங்கிய எவரும் ஏறலாம். நம் மக்களுக்கு ஊர்க் கிணறு இல்லை, கோயில் இல்லை, சில தெருக்களில் செருப்பணிந்து நடக்கவும் உரிமை இல்லை. ஆனால் ரயில் பெட்டியின் பலகையில் இடம் உண்டு. கும்பினிக்கு நம்மேல் அன்பு பொங்கியது என்று எவரும் கருதிவிட வேண்டாம்! சாதிக்கொரு பெட்டி கோத்தால் வருமானம் போதாது, அவ்வளவே. மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாதய்யர் தலைமையில் கக்கன் முதலான நம்மவர்கள் நுழைந்தது 1939ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள். மதுரைக்கு ரயில் வந்ததற்கும் மதுரைக் கோயில் திறந்ததற்கும் இடையே 64 ஆண்டுகள்.

ரயிலுக்குள்ளும் எல்லாம் சமமாக இருந்துவிடவில்லை. நிலையங்களின் உணவகங்களில் பிராமணர்க்கென்று தனியிடம் ஒதுக்கியிருந்தார்கள். தந்தை பெரியாரும் சுயமரியாதை இயக்கத்தாரும் பல்லாண்டுகள் எதிர்த்துப் போராடியதன் பயனாக அவ்வழக்கம் 1941இல்தான் நீங்கியது.

ரயில் நிலையத்தின் எல்லை எங்கே முடிகிறது என்பதை அண்ணல் அம்பேத்கர் தம் வாழ்விலிருந்தே எழுதியிருக்கிறார். 1901ஆம் ஆண்டு. அவருக்கு வயது ஒன்பதுதான் இருக்கும். தமையனோடும் தமக்கையின் பிள்ளையோடும் தந்தையைக் காண ரயிலேறி, மராட்டியத்தில் மசூர் என்ற சிறு நிலையத்தில் இறங்கினார். கடிதம் சேராததால் அழைத்துச்செல்ல எவரும் வரவில்லை. நல்ல உடை அணிந்திருந்த சிறுவர்களிடம் நிலைய அதிகாரி அன்பாக விசாரித்தார். மகார் சாதியினர் என்று தெரிந்ததும் முகம் மாறிப் பின்வாங்கினார். வண்டிக்காரர் எவரும் ஏற்றிச்செல்ல முன்வரவில்லை. இறுதியில் இருமடங்கு கூலிக்கு ஒருவர் இசைந்தார். அதுவும் சிறுவர்களே வண்டியை ஓட்டிக்கொள்ள வேண்டும், அவர் தீட்டுப்படாமல் நடந்து வருவார் என்ற நிபந்தனையோடு. வழியில் குடிக்க ஒரு வாய்த் தண்ணீர் கிடைக்கவில்லை. உணவு இருந்தும் உண்ண முடியாமல் அந்த இரவு கழிந்தது. மசூர் வரை வந்த ரயிலில் அவர்களும் பயணிகள். நிலையத்தின் வேலியைத் தாண்டியதும் அவர்கள் தீண்டத்தகாதவர்கள். அண்ணலின் எழுத்துகளில் இளைஞர்கள் முதலில் படிக்க வேண்டியது இந்தப் பகுதியே என்பது என் கருத்து.

என் தந்தையார் அந்த வேலியின் இருபுறத்தையும் கண்டவர். கேங்மேனாகச் சேர்ந்து, பின் கீ-மேன் ஆனார். கீ-மேன் வேலை என்னவென்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. விடியுமுன் தோளில் சுத்தியலும் சாவியும், கையில் சிவப்புக் கொடியும் பச்சைக் கொடியும் எடுத்துக்கொண்டு, தம் பகுதி முழுவதும் தண்டவாளத்தின்மேல் நடக்க வேண்டும். ஒவ்வொரு கட்டையிலும் தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் சாவி தளர்ந்திருக்கிறதா என்று பார்த்துத் தட்டி இறுக்க வேண்டும். சுத்தியல் ஓசையிலிருந்தே தளர்ச்சியை அறிந்துவிடுவார். வெயிலில் இரும்பு நீளும், குளிரில் சுருங்கும், மழையில் கட்டையடியில் ஜல்லி இறங்கும். ஒரு சாவியை விட்டுவிட்டால் ஆயிரம் பேர் உயிர். அந்த ஆயிரம் பேரில் ஒருவரும் அவர் முகத்தை அறியார்.

அவர் பணியாற்றிய ஒரு சிறு நிலையத்தை ஒட்டித் தேநீர்க் கடை ஒன்று இருந்தது. எந்த ஊர் என்று இங்கே சொல்ல வேண்டியதில்லை. அக்கடையில் எங்களுக்கென்று தனிக் குவளை ஒன்று கூரை எரவாணத்தில் செருகியிருக்கும். குடித்துவிட்டு நாமே கழுவிச் செருக வேண்டும். கடைக்காரர் ஒவ்வொரு நாளும் மதுரைக்குச் செல்லும் வண்டி, என் தந்தையார் விடியலில் இறுக்கிய தண்டவாளத்தின்மேல் சென்றது. நான் பத்து வயதில் இதை அவரிடம் கேட்டேன். அவர் விடை சொல்லவில்லை; மறுநாள் முதல் அக்கடையில் தேநீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். ஓய்வு பெறும்வரை வீட்டிலிருந்து தூக்குப்போணியில் நீராகாரம் கொண்டுபோனார்.

நாடு விடுதலை பெற்றபின் மூன்று ரயில்வேக்களை இணைத்துத் தெற்கு ரயில்வே தொடங்கப்பட்டது. அந்நாள் 1951 ஏப்ரல் 14. அண்ணலின் பிறந்த நாளோடு அது பொருந்தியது தற்செயலே. ஆயினும் நினைக்க இனிக்கிறது. அந்தத் தெற்கு ரயில்வேயை வைத்தே நம் உரிமை வரலாற்றின் பெரிய வழக்கொன்று நடந்தது. தேர்வுப் பதவி உயர்விலும் தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் இடம் ஒதுக்க ரயில்வே வாரியம் ஆணையிட்டது. அதை எதிர்த்து ஊழியர் ஒருவர் வழக்காடி, சென்னை உயர்நீதிமன்றத்தில் வென்றார். தெற்கு ரயில்வே மேல்முறையீடு செய்தது. 1961இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் மூவர், அரசியலமைப்பின் 16(4) பிரிவு பதவி உயர்வுக்கும் பொருந்தும் என்று தீர்ப்பளித்தனர், இருவர் மறுத்தனர். ரங்காச்சாரி வழக்கு என்று சட்ட மாணவர் படிப்பது இதுவே. 1992இல் மண்டல் வழக்கில் இக்கருத்து மாற்றப்பட்டதும், 1995இல் நாடாளுமன்றம் 77ஆம் திருத்தத்தால் 16(4அ) பிரிவைச் சேர்த்து அவ்வுரிமையை மீட்டதும் பின்கதை. ஒரே ஒரு நீதிபதியின் வாக்கு மாறியிருந்தால், இன்று இந்த அவையில் அமர்ந்திருக்கும் அலுவலர் சிலரின் வாழ்வு வேறாக இருந்திருக்கும். அந்தத் தீர்ப்பு என் தந்தையாருக்குப் பயன்படவில்லை. பதவி உயர்வுக்கு எழுத்துத் தேர்வு எழுத வேண்டும், அவரோ எழுத்தறியாதவர். பயன்பெற்றவர்கள் அவர் காலத்துத் தொழிலாளரின் மக்கள்.

நிலையத்தின் பிற்காலத்தை விரைந்து சொல்லிவிடுகிறேன். 1928இல் போடிப் பாதை வந்தபின் மேற்குச் சீமைச் சரக்கு அப்பக்கம் திரும்பியது. 1942இல் உலகப் போருக்கென்று அந்தப் போடிப் பாதையைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். 1950களில் மீண்டும் போட்டார்கள். அகலப் பாதையாக்க 2010ஆம் ஆண்டின் முடிவில் மறுபடி மூடி, 2022இல் தேனி வரையும் 2023இல் போடி வரையும் திறந்தார்கள். அம்மையநாயக்கனூரோ மூடாமல் நின்றது. மூன்றாம் வகுப்பு 1974இல் ஒழிந்தது. மீட்டர் பாதை 1990களில் அகலப் பாதையாயிற்று. மரக்கட்டைக்குப் பதில் சிமெண்டுக் கட்டையும், சாவிக்குப் பதில் வில் கவ்வியும் வந்தன. அடித்து இறுக்கும் ஓசை அரிதாயிற்று. 1985இல் திண்டுக்கல் மாவட்டம் பிரிந்தபோது ஊரும் அந்த மாவட்டத்தோடு சென்றது.

இளைஞர்களே, உங்களிடம் ஒரு வேலை ஒப்படைக்க விரும்புகிறேன். டோலி சுமந்தவர்கள் எவரும் இன்று இல்லை. அவர்கள் சொல்லக் கேட்ட பேரப்பிள்ளைகள் சிலர் பெரியகுளத்திலும், நிலக்கோட்டையிலும், வாடிப்பட்டியிலும் இன்னும் இருக்கிறார்கள். எல்லோரும் முதுமையை எய்தியவர்கள். விடுமுறையில் நோட்டுப் புத்தகத்தோடு சென்று அவர்களைப் பேசச் சொல்லுங்கள். ஆளின் பெயர், ஊரின் பெயர், சுமந்த கூலி எவ்வளவு, வழியில் தண்ணீர் எங்கே குடித்தார்கள் என்று கேளுங்கள். தண்ணீரைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். எழுதியதைக் கழக நூலகத்தில் சேருங்கள்.

நான் முதலில் ஒன்றைச் சேர்த்துவிட்டு அமர்கிறேன். சம்பள நாளில் சம்பளக் குமாஸ்தா வண்டியில் வந்து இறங்குவார். கேங் ஆட்கள் வரிசையில் நின்று இடக்கைப் பெருவிரலை மையில் தோய்த்து வைப்பார்கள். நான் மூன்றாம் வகுப்புப் படித்தபோது, தந்தையார் ஒரு நாள் இரவு என் பலகையைக் கேட்டு வாங்கினார். 'என் பெயரை எழுதிக் காட்டு' என்றார். எழுதினேன். அன்றிலிருந்து ஒவ்வோர் இரவும் கைவிளக்கு வெளிச்சத்தில் அதைப் பார்த்து எழுதினார். பலகை போதாமல் நோட்டு ஒன்று வாங்கினார். ஆறு மாதம் எழுதினார். அடுத்த சம்பள நாளில் வரிசையில் அவர் முறை வந்தது. குமாஸ்தா வழக்கம்போல் மைப்பெட்டியை நகர்த்தினார். தந்தையார் அதைத் தள்ளிவைத்து, பேனாவைக் கேட்டார். குமாஸ்தா அவரை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் பேசாமல் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். பின்னால் நின்றவர்கள் கையெழுத்து முடியும்வரை காத்திருந்தார்கள். நெடுநேரம் ஆயிற்றாம்.

அவருடைய சுத்தியல் என்னிடம் இல்லை. அரசுச் சொத்து என்று ஓய்வுபெற்ற அன்றே ஒப்படைத்துவிட்டார். நோட்டு இருக்கிறது. 40 பக்கம், முதல் பக்கத்தில் கோடு தாண்டி ஓடும் எழுத்து, கடைசிப் பக்கத்தில் கோட்டுக்குள் நிற்கிறது. தலைவர் அவர்கள் இதனை நூலகத்துக்காகப் பெற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.